மாமாவின் டெக்

கண் ஒப்பிறேசன் முடிந்து கட்டு அவிழ்த்த அன்று பின்னேரம் அம்மா வட்ஸ்அப்பில் கூப்பிட்டா. இரண்டு வருடமாக என்னைப் புகை மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தவ, அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே, "என்னடா தம்பி, காதடி மயிரெல்லாம் நரைச்சுப் போச்சு" என்றா. இன்னும் நாற்பதாகவில்லை, முப்பத்தொன்பதுதான், குசினிப் புழுக்கத்தில் நரைத்தது என்று சொன்னேன். அவ அதைக் காதில் எடுக்கவில்லை. போனைத் திருப்பி முற்றத்தையும் வேப்பமரத்தையும் எனக்குக் காட்டினா. எனக்குக் காட்டினாவோ தான் பார்த்தாவோ தெரியாது. பிறகு சொன்னா:

"இப்ப எல்லாம் வடிவாத் தெரியுது. மாமாட்டைக் கிடக்கிற அந்தக் கொப்பியை ஒருக்கால் பாக்க வேணும். நேரம் கிடைக்கேக்கை போடன்."

எந்தக் கொப்பி என்று நான் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்துக்கு மிஞ்சியிருப்பது ஒரேயொரு கொப்பி.

2003 ஆவணியில் விசுவமடுவில் தங்கச்சிக்குச் சாமத்தியவீடு செய்தோம். முதல் வருடம் ஏ-9 பாதை திறந்திருந்தது. சாமான் வரத்து இருந்தது, கையில் கொஞ்சம் காசும் புழங்கியது. அப்பா 1999 இல் காய்ச்சலில் போய்விட்டார். சடங்குக்குத் தாய்மாமன் வேண்டும். எங்களுக்கு இருந்த ஒரே தாய்மாமன் பாரிசில். அகதிப் பயணப் பத்திரத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், சொந்த நாட்டுக்கு மட்டும் போகமுடியாது. அதனால் மாமா காசையும் ஒரு சங்கிலியையும் அனுப்பினார், தூரத்து உறவில் ஒருவர் மாமன் இடத்தில் நின்று தேங்காய் உடைத்தார். மாமா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: வீடியோ எடுத்து முழுக்கொப்பி தனக்கு அனுப்ப வேண்டும். சிடி வரத் தொடங்கிவிட்ட காலம் அது. ஆனால் மாமாவிடம் டெக் இருந்தபடியால் வீடியோக்காரர் மூன்று மணித்தியாலக் கசெற்றில் ஒரு கொப்பி அடித்துத் தந்தார். இங்கேயிருந்து ஊர் பார்க்க வந்த ஒரு குடும்பம் அதைக் கொண்டுவந்து சேர்த்தது.

வீட்டில் இருந்த கொப்பியும் அல்பங்களும் 2009 மாசியில் ஒரு பங்கருக்குள் தறப்பாளில் சுற்றியபடி விடப்பட்டன. தங்கச்சி அந்தச் சித்திரையில் புதுமாத்தளனில் ஷெல் பட்டுச் செத்துப்போனாள். பத்தொன்பது வயது. அம்மா பக்கத்தில் இருந்தா. நான் இருக்கவில்லை. 2006 ஆடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்கென்று பெட்டியோடு வெளிக்கிட்டவன் நான். ஆவணி 11 ஆம் திகதி முகமாலையில் பாதை மூடுப்பட்டது. வன்னிப் பிள்ளைகள் எல்லோரையும் போல நானும் இந்தப் பக்கத்தில் அகப்பட்டுக்கொண்டேன். படிப்பும் முடியவில்லை. 2008 இல் கொழும்பு, 2010 இல் வெளிநாடு, 2011 இல் பாரிஸ். மிச்சத்தை இந்தப் பக்கங்களை வாசிக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சொல்ல வேண்டியது வேறொன்று. 2011 இலிருந்து 2013 வரை நான் மாமா வீட்டுச் சோபாவில்தான் படுத்தேன். என் கால்மாட்டில் ரிவி, ரிவிக்குக் கீழே டெக், டெக்குக்குப் பக்கத்தில் அந்தக் கசெற். டெக் அப்போது நன்றாக ஓடியது. அதன் மணிக்கூட்டின் பச்சை வெளிச்சம் இரவு முழுவதும் என் பாதத்தில் விழும். சித்திரை வந்தால் மாமா கேட்பார், "தம்பி, கொப்பியைப் போடட்டே?" நான், நாளைக்கு வேலை, பிறகு பார்ப்பம் என்பேன். இரண்டு வருடமும் அதே பதில். பிறகு தனி அறை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மாமாவும் கேட்பதை விட்டுவிட்டார்.

அம்மா கேட்ட பிறகுதான் மாமாவுக்குப் போன் எடுத்தேன். 2015 இல் அவர்கள் சின்ன வீட்டுக்கு மாறியபோது டெக் நிலக்கீழ் அறைக்குப் போய்விட்டதாம். கசெற் எங்கே என்று கேட்டேன்.

"அது உள்ளுக்கைதான் கிடக்கு. வீடு மாறுறதுக்கு முதல்நாள் ராத்திரி போட்டுப் பாத்தனான். பிறகு எடுக்க மறந்துபோனன்."

"ஆரோடை பாத்தனீங்கள்?"

"தனியத்தான்."

இந்த டெக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாமா 1986 இல் வந்தவர். வந்த புதிதில் ஊரிலிருந்து வந்த கலியாணக் கொப்பி ஒன்றை யாரோ ஒருவரின் டெக்கில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பொம்பிளையின் கூறைச் சேலை கறுப்பாகத் தெரிந்ததாம். பிரான்சின் ரிவி 'செக்காம்' முறை, இலங்கை 'பால்' முறை. படம் வரும், நிறம் வராது. அதற்காகவே எல்லா முறையும் ஓடும் டெக் ஒன்றை 1993 இல் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கினார். அந்தக் கட்டிடத்தில் இருந்த எங்கள் ஆட்களுக்கெல்லாம் அதுதான் தியேட்டர். லா சப்பலில் வாடகைக்கு எடுத்த படக்கொப்பியும், அதைவிடக் கூடுதலாக ஊர்க் கொப்பிகளும் ஓடின. செத்தவீட்டுக் கொப்பி வந்தால் சமைக்காமல் இருந்து பார்ப்பார்களாம். போக முடியாதவர்கள் அதைப் பார்த்துத்தான் அழுது முடித்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை, எங்கள் றெஸ்ரோரண்ட் பூட்டியிருக்கும் நாள், மாமாவும் நானும் டெக்கை மேலே தூக்கிவந்தோம். மார்கழிக் குளிர். கல் மாதிரிக் கிடந்தது. தூசியைத் துடைத்த கையோடு பிளக்கைச் செருகினேன். அது நான் விட்ட முதல் பிழை. குளிரிலிருந்து வந்த சாமான் சூடான அறைக்குள் வியர்க்கும். அந்த ஈரம் உள்ளே தலை உருளையிலும் படியும், மின் பலகையிலும் படியும். ஒரு நாளாவது அப்படியே விட்டுவிட்டுத்தான் கரண்டைக் கொடுக்க வேண்டும். உங்களில் யாரிடமாவது கீழ்வீட்டில் இப்படி ஒன்று கிடந்தால் இதை மட்டுமாவது நினைவில் வைத்திருங்கள்.

நல்லகாலமோ கெட்டகாலமோ, ஒன்றும் நடக்கவில்லை. மணிக்கூடு எரியவில்லை. பொத்தானை அமத்தினால் ஒரு 'டிக்' சத்தம்கூட இல்லை. மாமா மேலே இரண்டு தட்டுத் தட்டினார். அவருடைய தலைமுறை எந்தப் பெட்டியையும் முதலில் தட்டித்தான் பார்க்கும். பிறகு நான் ஒழுங்காக ஒவ்வொன்றாய்ப் பார்க்கத் தொடங்கினேன். சுவர்ப் பிளக்கில் சோற்றுக் குக்கரைப் போட்டேன், எரிந்தது. டெக்கின் வயர் எட்டு வடிவ முனையுள்ள சாதாரண வயர். மாமியின் றேடியோ வயரைக் கழற்றி மாற்றினேன், பலனில்லை. நேரம் வைத்துப் பதியும் பொத்தான் அமத்துப்பட்டிருந்தால் சில டெக்குகள் செத்ததுபோல நடிக்கும். வேறெந்தப் பொத்தானுக்கும் மசியாது. எத்தனையோ டெக் இந்தச் சின்ன விசயம் தெரியாமல் குப்பைக்குப் போயிருக்கிறது. அதையும் அமத்திப் பார்த்தேன். ஆனால் அப்படியென்றால் மணிக்கூடாவது எரிய வேண்டும். இது முழு இருட்டு.

"கழட்டின அண்டைக்கு நல்லா ஓடினதடா" என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். ஏதோ என் முன்னால் தன்னை நிரூபிக்க வேண்டும் என்பதுபோல.

லா சப்பல் பக்கம் கசெற்றைக் கொம்பியூட்டருக்கு மாற்றித் தரும் கடை ஒன்றில் கேட்டேன். கசெற்றைத் தந்தால் செய்யலாம், டெக்குக்குள் இருப்பதென்றால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும், நாடா அறுந்தால் தாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். நியாயமான பேச்சுத்தான். ஆனால் 'உடைத்து' என்ற சொல்லுக்குப் பிறகு அங்கே நிற்க எனக்கு மனம் வரவில்லை. வேறு டெக் வாங்கினாலும் இந்த டெக்கிலிருந்து கசெற் வெளியே வர வேண்டுமே. புதிது வாங்கவும் இப்போது வழியில்லை. உலகத்தில் கடைசியாக இதைச் செய்துகொண்டிருந்த யப்பானின் பூனாய் நிறுவனம் 2016 ஆடியோடு நிறுத்திவிட்டது. 1976 இல் வந்த சாமான், நாற்பது வருடத்தில் முடிந்துபோயிற்று.

இந்த இடத்தில் தோன்தோன் வருகிறார். தோன்தோன் என்றால் பிரெஞ்சில் மாமா, சித்தப்பா எல்லாம் அதுதான். எங்கள் றெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிற பெரியவரை முதலாளியிலிருந்து எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அறுபது தாண்டியவர். அல்ஜீரியாவின் திசி உசூப் பக்கத்துக் கபிலியர். அங்கே எண்பதுகளில் ரிவி, றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். தொண்ணூறுகளில் அவர்களுடைய சண்டைக்குத் தப்பி இங்கே வந்து, இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கோப்பை கழுவுகிறார். இதை நான் அவரோடு ஆறு வருடம் ஒரே குசினியில் நின்றும் அறியவில்லை. பின்னேரச் சாப்பாட்டுக்கு இருந்தபோது என்ன யோசனை என்று கேட்டார். டெக் கதையைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார்.

"எல்லா முறையும் ஓடுகிற டெக்கா? அங்கே எங்களுக்கும் பால்தான். இங்கேயிருந்து ஊருக்குப் போகிறவன் எல்லோரும் அதைத்தான் தூக்கிக்கொண்டு வருவான். எத்தனை பார்த்திருப்பேன். கொண்டுவா, மகனே."

எங்களுக்கு மத்தியானச் சேவை மூன்று மணிக்கு முடியும். இரவுச் சேவைக்கு ஆறு மணிக்குத் திரும்ப வேண்டும். இடையில் இருக்கிற மூன்று மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போய்வரவும் முடியாது, படுக்கவும் முடியாது. அந்த நேரத்தில் நிலக்கீழ்க் குசினியின் உருக்கு மேசையைத் துடைத்து, துவாய் விரித்து, அதன்மேல் மாமாவின் டெக்கை வைத்தோம்.

மூடியின் ஸ்குறூக்களைக் கழற்றி ஒரு சோஸ் கிண்ணத்தில் போட்டேன். உள்ளே கசெற் தெரிந்தது. முதுகில் ஒட்டிய வெள்ளைத் தாளில் வீடியோக்காரரின் கையெழுத்து, தங்கச்சியின் பெயர், திகதி. மை கொஞ்சம் பரவியிருந்தது. நான் கையை நீட்டினேன். தோன்தோன் என் மணிக்கட்டைத் தட்டிவிட்டார்.

"அதைத் தொடாதே. இதையும் தொடாதே." அவர் விரல் காட்டியது மின் பலகையின் மூலையில் நின்ற பருத்த கறுத்த உருளையை. 400 வோல்ற், 100 மைக்குறோ பரட். "பிளக்கைக் கழற்றியாயிற்று என்று நினைக்காதே. இதற்குள் இருக்கும்."

கப்பாசிற்றர் என்று அவர் சொன்னது எனக்குக் கொள்ளளவி. ஊர்ப் பாடப்புத்தகச் சொல். பல்கலைக்கழகத்தில் நான் எழுதி முடித்த செய்முறைகளில் கொள்ளளவி மின்னிறக்கமும் ஒன்று. ஏற்றம் ஒரேயடியாகப் போகாது, ஒவ்வொரு நேர மாறிலிக்கும் மூன்றில் ஒரு பங்கு அளவு மிஞ்சும், அதிலும் மூன்றில் ஒரு பங்கு, அதிலும் மூன்றில் ஒரு பங்கு. வரைபு கீழே கீழே வந்து அச்சைத் தொடாமல் ஓடிக்கொண்டேயிருக்கும். சுவரில் வருவது 230 வோல்ற். சீராக்கியைத் தாண்டி இந்த உருளையில் நிரம்பும்போது அது 325 ஆகிவிடும். மனிதனைக் கொல்லப் போதும். தோன்தோன் பிளக்கை ஒருதரம் செருகிக் கழற்றி, அரை நிமிடம் பொறுத்து, மல்ரிமீற்றர் ஊசிகளை வைத்துக் காட்டினார். 180 வோல்ற். ஓடுகிற டெக் என்றால் மின்வழங்கி இதை உடனே குடித்து முடித்துவிடும். செத்த டெக்கில் குடிக்க ஆளில்லை, அதனால்தான் அது ஆபத்து என்றார்.

சிலர் ஸ்குறூ டிறைவரால் இரண்டு காலையும் முட்டவிட்டு இறக்குவார்கள். அது பொறி பறந்து பலகையையும் எரிக்கும், கையையும் எரிக்கும். நாங்கள் 2200 ஓம் தடையியைக் காப்பிட்ட வயரில் கட்டிப் பிடித்தோம். நூறு மைக்குறோ பரட்டுக்கு நேர மாறிலி 0.22 செக்கன், ஐந்து மடங்கு போனால் ஒரு வீதம்கூட மிஞ்சாது என்று மனதுக்குள் கணக்குப் பார்த்துச் சொன்னேன். தோன்தோன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆறு வருடமாக நான் வெங்காயம் வெட்டுவதைப் பார்த்தவர்.

"எங்கே படித்தாய்?"

"படிச்சு முடிக்கேல்லை" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு பிரெஞ்சில் சொன்னேன்.

அடுத்தது பியூஸ். 1.6 அம்பியர் கண்ணாடிக் குழாய். விசுவமடுவில் ஜெனறேற்றரில் ரிவியும் டெக்கும் ஓடவிடும் அண்ணை ஒருவர் இருந்தார். பியூஸ் போனால் சிகரெற் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிவிட்டு அடுத்த படத்தைத் தொடங்குவார். ஒருநாள் டெக்கே எரிந்தது. பியூஸ் கறுத்துப் போயிருந்தால் உள்ளே எங்கோ குறுக்குப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடாமல் பியூஸை மட்டும் மாற்றுவது அந்த அண்ணையின் வைத்தியம். மாமாவின் டெக்கில் பியூஸ் சுகமாக இருந்தது. தோன்தோன் தலையாட்டினார். பியூஸ் நல்லது, பெரிய உருளைக்குக் கரண்ட் வருகிறது, ஆனால் டெக் எழும்பவில்லை. அப்படியென்றால் எழுப்புகிறவன் செத்துவிட்டான்.

எழுப்புகிறவன் என்று அவர் சொன்னது வெப்பம் கடத்தும் அலுமினியத் தகட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்ற, என் சின்னிவிரல் நுனியளவு கொள்ளளவி. 47 மைக்குறோ பரட், 50 வோல்ற். இந்த வகைக்குள் சுருட்டிய அலுமினியத் தாளும் ஈரமான மின்பகுபொருளும் இருக்கும். டெக்கை நாங்கள் நிற்பாட்டி வைத்தாலும் மணிக்கூடு எரிய மின்வழங்கி இரவும் பகலும் ஓடுகிறது. பக்கத்துத் தகடு சுடுகிறது. இருபது வருடச் சூட்டில் அந்த ஈரம் மெல்ல மெல்லக் காய்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்வரை அது வெளியே தெரியாது, ஏனென்றால் ஓடுகிற மின்வழங்கிக்கு அவனுடைய உதவி அதிகம் தேவையில்லை. ஒருநாள் பிளக்கைக் கழற்றி ஆறவிட்டுத் திரும்பச் செருகும்போதுதான் அவன் தேவை. அப்போது அவனால் முடியாது.

"கழற்றாமல் விட்டிருந்தால் இன்னும் ஓடியிருக்கும்" என்றார் தோன்தோன்.

மாமா சொன்னது சரிதான். கழற்றிய அன்றைக்கு நன்றாகத்தான் ஓடியிருக்கிறது.

தன் சொல்லை நிரூபிக்க, இனிப்புச் செய்கிற பெடியன் சொக்கிளேற் இளக்க வைத்திருக்கும் ஹெயார் ட்ரையரை வாங்கி, பிளக் கழற்றியபடி, அந்தச் சின்னவனுக்கு இரண்டு நிமிடம் சூடு காட்டினார். சூட்டில் மிச்ச ஈரம் கொஞ்சம் இளகுமாம். பிறகு என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் செருகினார். எங்கோ மெல்லிய விசில் கேட்டது. முன்பக்கத்தில் நான்கு கோடுகள் பச்சையாக மினுங்கின. என் பாதத்தில் விழுந்த அதே பச்சை. ஏழெட்டுச் செக்கன். பிறகு அணைந்தது. மாமாவிடம் போனில் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை, மாமியைக் கூப்பிட்டுச் சொல்கிற சத்தம் மட்டும் கேட்டது.

மாற்று உறுப்பு சில சதம். தபால் செலவு அதைவிடப் பல மடங்கு. 105 பாகை வெப்பம் தாங்குகிறதாகப் பார்த்து, பக்கத்தில் நின்ற மற்ற மூன்று சின்னக் கொள்ளளவிகளையும் சேர்த்து வாங்கினோம். ஒருவன் காய்ந்தால் மற்றவனும் காய்ந்திருப்பான். உடம்பில் கோடு போட்ட பக்கம் எதிர்க் கால். மாறிப் பூட்டினால் வெடிக்கும். ஈயம் பற்றவைத்தது நான். கை நடுங்கியது. தோன்தோனின் கண் இப்போது சின்ன வேலைக்கு ஏலாது. அவர் ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கிட்டப் பிடியுங்கோ, இன்னும் கிட்ட" என்று அவரை நான் அதட்டியதை வேலை முடிந்த பிறகுதான் உணர்ந்தேன்.

டெக் எழும்பிவிட்டது. நான்கு கோடுகளும் அசையாமல் நின்று எரிந்தன. நான் ஓடவிடும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோக, மறுபடியும் மணிக்கட்டில் ஒரு தட்டு.

ஒன்பது வருடம் ஈரமான நிலவறையில் கிடந்த நாடாவை உடனே ஓடவிடக் கூடாதாம். முதலில் வெளியே எடுத்தோம். கசெற் ஒரு முனகலோடு வந்தது. கண்ணாடி யன்னலால் சுற்றைப் பார்த்தோம். வெள்ளைத் தூள் மாதிரி இருந்தால் பூஞ்சணம், அதோடு ஓடவிட்டால் நாடாவும் போகும், தலையும் போகும். எங்களுடையதில் இல்லை. தலையைத் துடைக்கப் பஞ்சுக் குச்சியை எடுத்தேன். பஞ்சு நூல் தலையின் நுனியில் மாட்டி அதைப் பிடுங்கிவிடும் என்று அதையும் பறித்தார். வெள்ளைத் தாளை அல்கஹோலில் நனைத்து உருளையில் அசையாமல் பிடித்து, உருளையை மட்டும் கையால் சுற்றினார். தாளில் பழுப்புக் கோடு விழுந்தது. பிறகு கசெற்றைப் போட்டு, படம் பார்க்காமல், முடிவுவரை முன்னால் சுற்றித் திரும்பப் பின்னால் சுற்றினோம். ஏறத்தாழ 250 மீற்றர் நாடா. வருடக்கணக்காக ஒரே இறுக்கத்தில் கிடந்தது தளர வேண்டுமாம். அது சுற்றி முடிய ஆறு மணியாகிவிட்டது. மேலே கத்திச் சத்தங்கள் தொடங்கிவிட்டன.

அடுத்த திங்கட்கிழமை தோன்தோனையும் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். மாமி உழுந்து வடை சுட்டிருந்தா. மாமாவின் தட்டை ரிவியில் அந்த அகலமான 21 முனைப் பிளக்குக்கு இடமில்லை. பிரான்ஸ்தான் அந்தப் பிளக்கைக் கண்டுபிடித்து 1980 இல் எல்லா ரிவியிலும் கட்டாயமாக்கியது. இப்போது அவர்களுடைய ரிவியிலேயே அது இல்லை. இடையில் போட ஒரு சின்னப் பெட்டி வாங்கிக்கொண்டு போயிருந்தேன். படம் கொம்பியூட்டரிலும் ஏறுகிற மாதிரி எல்லாவற்றையும் பூட்டிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டோம். போனை நாற்காலியில் நிமிர்த்தி ரிவியைப் பார்க்க வைத்தேன். அம்மா தன் போனைக் கண்ணுக்கு மிகக் கிட்டப் பிடித்திருந்தா. எங்களுக்கு அவவின் நெற்றியும் ஒரு புருவமும்தான் தெரிந்தன.

கோடுகள், மழை, பிறகு சுழன்று சுழன்று வரும் எழுத்துகள், பூ வளையம், அதற்குள் தங்கச்சியின் படம். முதல் நொடியிலிருந்தே சினிமாப் பாட்டு. எனக்கு இது மறந்தே போயிருந்தது. எங்கள் வீடியோக்காரர்கள் யாருடைய குரலையும் விடமாட்டார்கள். ஐயர், ஆச்சிமார், பிள்ளைகளின் கூச்சல், எல்லாவற்றையும் அழித்து மேலே பாட்டைப் போட்டுவிடுவார்கள். அதுதான் அன்றைக்கு வடிவு. இத்தனை நாள் அவளுடைய முகத்துக்குப் பயந்துகொண்டிருந்தவன், அந்த நிமிடம் குரலைத் தேடிக்கொண்டிருந்தேன். மூன்று மணித்தியாலத்திலும் ஒரு சொல் இல்லை. வீடியோக்காரரில் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. அவர் இப்போது எங்கே, இருக்கிறாரா என்றும் தெரியாது.

மாமாவின் சங்கிலியைத் தட்டில் வைத்துக் காட்டும் இடத்தில் மாமா எழும்பிப்போய்த் தண்ணீர் குடித்தார். மாமன் இடத்தில் நின்றவர் தேங்காய் உடைத்தார். தோன்தோன் வடையைக் கையில் வைத்தபடி, இந்தப் பிள்ளையா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். ஓம் என்றேன்.

"உன்னை ஒரு இடத்திலையும் காணேல்லை" என்றா அம்மா.

"லைற் பிடிச்சது நானெல்லே அம்மா."

ஜெனறேற்றரிலிருந்து வயர் இழுத்து வந்த பெரிய லைற். பதினேழு வயது எனக்கு. வீடியோக்காரர் எங்கே திரும்பினாலும் அவருடைய தோளோடு தோளாக நான் திரும்ப வேண்டும். முழுக்கொப்பியும் என் வெளிச்சம்தான், நான் இல்லை.

சிவப்புக் கூறையோடு தங்கச்சியை மணவறையில் கொண்டுவந்து இருத்துகிறார்கள். கமெரா முகத்துக்குக் கிட்டப் போகிறது. படம் திடீரென்று வெளிறுகிறது. அவள் கண்ணைச் சுருக்கி, கமெராவுக்குச் சற்று வலப்புறமாகப் பார்த்து, ஏதோ சொல்கிறாள். பாட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. உதடு மட்டும் அசைகிறது. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழே குனிகிறாள்.

"பாத்தியே?" என்றா அம்மா. "உன்னைத்தான் ஏசுறாள். 'அண்ணா, கண் கூசுது, தள்ளிப் பிடியடா' எண்டவள். நான் பக்கத்திலை நிண்டனான்."

நான் டெக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கூட்டை நாங்கள் யாரும் சரிப்படுத்தவில்லை. நான்கு கோடுகள்தான் இன்னும்.

"திருப்பி ஒருக்கால் விடு" என்றா அம்மா.